நர்ஸின் குறை கேட்ட நைட்டிங்கேல் அம்மையார்

ஆர்.எஸ்.புரத்தில் நாலு பேர் கூடினால் ஆஸ்பத்திரிப் பேச்சும் வரும். கூப்பிட்டவுடன் நர்ஸ் வரவில்லை என்று குறை சொல்லாதவர்கள் குறைவு. ஆனால், நர்ஸ் ஏன் வரவில்லை? அதையும் கேட்டார் ஓர் அம்மையார். அவர்தான் புளோரன்ஸ் நைட்டிங்கேல்.

1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலியில் உள்ள புளோரன்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் இங்கிலாந்து நாட்டுச் செல்வந்தர்கள். மகள் நர்ஸ் ஆக விரும்பியபோது வீட்டார் தடுத்தார்கள். அந்நாளில் நர்ஸ் என்றால் மதிப்பில்லை. குடிப்பவர்கள் என்று ஊர் ஏசியது. அம்மையாரோ மனம் மாறவில்லை. ஜெர்மனிக்குச் சென்று பயிற்சி பெற்றார்.

1853-ல் லண்டனில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. மாடிப்படி ஏறி இறங்கியே நர்ஸின் பொழுது கழிந்தால் நோயாளியை யார் கவனிப்பது? எல்லா மாடிக்கும் குழாயில் வெந்நீர் வரவேண்டும் என்றார். சாப்பாட்டை மேலே ஏற்ற ஒரு பொறி வேண்டும் என்றார்.

1854-ல் கிரிமியா யுத்தம். 38 பெண்களுடன் துருக்கிக்குச் சென்றார். இரவில் விளக்கேந்திக் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்து வந்தார். உலகம் அவரை விளக்கேந்திய மங்கை என்று போற்றியது.

மக்கள் திரட்டித் தந்த நிதியைக் கொண்டு 1860-ல் லண்டனில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி பிறந்தது. மாணவிகளுக்குத் தங்க இடம், சாப்பாடு, உடுப்பு, ஆண்டுக்கு 10 பவுன் பணம் எல்லாம் உண்டு. கண்டிப்பும் உண்டு! நேரம் தவறாமை, சுத்தம், நம்பிக்கை ஆகியவற்றை மாதந்தோறும் ஏட்டில் குறித்தார்கள்.

லிவர்பூல் நகரில் ஏழைகள் விடுதி ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. விடுதியில் ஒதுங்கிய ஏழைப் பெண்களே அங்கு நோயாளிகளைக் கவனித்தார்கள். அவர்களுக்குப் பயிற்சி இல்லை. முறையான சம்பளமும் இல்லை. 1865-ல் ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற மாணவியின் தலைமையில் 12 நர்ஸ்கள் அங்கே போனார்கள். ராத்போன் என்ற வணிகர் செலவை ஏற்றார். ஏழை நோயாளிக்கும் பயிற்சி பெற்ற நர்ஸ் கிடைத்தாள். ஆனால், 1868-ல் விஷ ஜுரம் கண்டு ஆக்னஸ் இறந்தார். அப்போது அவருக்கு வயது 35தான். நர்ஸின் உயிரையும் காக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

1865-ல் இந்திய ஆஸ்பத்திரிகளுக்கும் நர்ஸ் திட்டம் ஒன்றை அம்மையார் எழுதித் தந்தார். 1871-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது.

நோயால் பல்லாண்டுகள் வீட்டோடு இருந்தும் அவர் ஓயவில்லை. 1872 முதல் நர்ஸ்களுக்குக் கடிதம் எழுதி ஊக்கம் தந்தார். 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி காலமானார்.

அவர் பிறந்த நாளே இன்று உலக நர்ஸ்கள் தினம். கோவை அரசு ஆஸ்பத்திரியிலும் அன்று நர்ஸ்களை வாழ்த்துவோம். அத்துடன், பாட்டி வீட்டில் சொல்வதுபோல, சாப்பிட்டாயா அம்மா என்றும் ஒரு வார்த்தை கேட்போம். வேலை தானே சிறக்கும்!