பொதிகையிற் காந்தம் அளந்த பிரௌன்

ஜான் ஆலன் பிரௌன் 1817-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்திற் பிறந்தவர். 1852-இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாராய்ச்சிச் சாலைக்குத் தலைவராய்த் திருவனந்தபுரம் வந்து, காந்த ஊசியின் அசைவுகளை இடையறாது குறித்துவந்தார். அஃது அமையாது, அகத்தியர் உறைவிடமென நாம் போற்றும் பொதிகையுச்சியிலும், யானை திரியும் காட்டினூடே வழி வகுத்து, ஏறக்குறைய ஆறாயிரம் அடி உயரத்தில் மற்றொரு சாலை அமைத்தார். அத்துணைப் பாடும் ஓர் ஊசியின் நுண்ணிய அசைவுக்காகவே!

பூமியின் காந்த விசை பல தேசங்களிலும் ஒரே நாளிற் கூடிக் குறைவதையும், அம்மாறுதல் சுமார் 26 நாளுக்கொருமுறை மீள்வதையும் கண்டு, சூரியனது சுழற்சியே காரணமெனத் துணிந்தார். 1865-இல் அவர் நீங்க, மலைச்சாலை கைவிடப்பட்டது. 1878-இல் ராயல் பதக்கம் பெற்றார். மறு ஆண்டே மறைந்தார்.

சூரியன் அத்துணைத் தொலைவைக் கடந்து ஊசியை அசைப்பது எங்ஙனம்? அங்கிருந்து வீசும் பிளாஸ்மாக் காற்றை 1962-இல் மாரினர் 2 விண்கலம் அளந்தது. அக்காற்று பூமியின் காந்தக் கோளத்துள் தன் ஆற்றலைப் புகுத்தும் வகையோ இன்னும் முற்றத் தெளிந்திலது.