ஜெயிலுக்குப் போகவும் தயாராக இருந்த மனைவி! - ருக்மாபாய் கதையில் கொல்லிமலைக்கு என்ன பாடம்?

கையில் வக்கீல் நோட்டீஸோடு செம்மேட்டில் பஸ் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் கோர்ட்டுக்குப் போகணும். ஒவ்வொரு வளைவுக்கும் மனசுல ஒரே கேள்விதான் சுத்தும்: பிடிக்காத வாழ்க்கைக்கே கோர்ட் என்னைத் திருப்பி அனுப்பிடுமா?

இதே கேள்வியோடு 140 வருஷத்துக்கு முன்னாடி பம்பாய் ஹைகோர்ட்டில் நின்றவர் ருக்மாபாய். 2017 நவம்பர் 22 அன்று கூகுள் தன் முகப்பில் அவருக்கு டூடுள் போட்டதே, ஞாபகம் இருக்கா? டாக்டர் என்றுதான் பலருக்கும் தெரியும். அந்த டாக்டர் பட்டத்துக்குப் பின்னால் ஒரு குடும்ப வழக்கு இருக்கிறது.

11 வயதில் கல்யாணம்

1864-ல் பம்பாயில் பிறந்தார் ருக்மாபாய். அம்மா ஜெயந்திபாய்க்கு அப்போது வயசு 15-தான். 17 வயதிலேயே அவர் கணவரை இழந்தார். தச்சுத் தொழில் செய்யும் அவர்கள் சாதியில் விதவை மறுமணத்துக்குத் தடை இல்லை. சில வருஷம் கழித்து டாக்டர் சகாராம் அர்ஜுனை மறுமணம் செய்துகொண்டார். அதற்கு முன்பு, முதல் கணவர் விட்டுப்போன சொத்தை மகள் பேருக்கு மாற்றி வைத்தார்.

11 வயதில் ருக்மாபாய்க்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை தாதாஜி பிகாஜிக்கு 19. வீட்டோட மாப்பிள்ளையாக இருந்து படித்து ஆளாகணும் என்பதுதான் பேச்சு. அவரோ படிப்பை விட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போய்விட்டார். பெண் பெரியவளானதும் அனுப்பி வைக்கச் சொன்னார்கள். வளர்ப்பு அப்பா டாக்டர் ஆச்சே, சின்ன வயசில் குடும்பம் நடத்த அனுப்ப முடியாது என்று மறுத்துவிட்டார். அந்த வருஷங்களில் ருக்மாபாய் வீட்டிலேயே புத்தகமும் கையுமாக வளர்ந்தார்.

வந்தது நோட்டீஸ்

1884-ல் தாதாஜி தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ருக்மாபாய் அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடவில்லை. வக்கீல் வைத்துப் பதில் கொடுத்தார். கணவருக்கு வருமானமோ தங்க இடமோ இல்லை, உடம்பும் சரியில்லை, அவர் இருக்கும் வீட்டுச் சூழலும் சரியில்லை எனக் காரணங்களை ஒவ்வொன்றாக வைத்தார்.

மனைவியைத் தன்னோடு சேர்ந்து வாழ உத்தரவிடக் கேட்டு தாதாஜி வழக்குப் போட்டார். 1885 ஏப்ரலில் வளர்ப்பு அப்பாவும் இறந்துபோனார். ஆனாலும் ருக்மாபாய் பின்வாங்கவில்லை. அதே வருஷம் பெயரை மறைத்துக்கொண்டு, குழந்தைத் திருமணத்தை எதிர்த்து டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்குக் கடிதங்கள் எழுதினார்.

செப்டம்பரில் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளுபடி செய்தார். மனைவியைக் கோர்ட் மூலமாக இழுத்து வரும் இந்த வழக்குமுறை இந்து தர்மத்தில் இருந்ததே இல்லை, இங்கிலாந்திலிருந்து வந்தது என்பது அவர் பார்வை. ஒரு நாள்கூடச் சேர்ந்து வாழாத பெண்ணை அப்படிக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் சொன்னார்.

ஊரே இரண்டாகப் பிரிந்தது. திலகர் தன் கேசரி பத்திரிகையில் ருக்மாபாய்க்கு எதிராக எழுதினார். ஆதரவாளர்கள் ஒரு கமிட்டி அமைத்துப் பணம் திரட்டினார்கள். 1886-ல் அப்பீலில் தீர்ப்பு தலைகீழானது. 1887 மார்ச் 4 அன்று நீதிபதி ஃபாரன் உத்தரவு போட்டார்: கணவரோடு போகணும், இல்லையென்றால் ஆறு மாதம் சிறை.

ருக்மாபாய் சிறையைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு 22 வயசுப் பெண்ணை ஜெயிலில் போட்டால் என்ன ஆகும் என்று அரசாங்கமே சங்கடத்தில் நெளிந்தது. கடைசியில் 1888 ஜூலையில் சமரசம். தாதாஜி 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு உரிமை கோருவதை விட்டார். இங்கே ஒன்றைக் கவனிங்க, அது விவாகரத்து இல்லை. விவாகரத்து கேட்க அன்றைய இந்து மனைவிக்குப் பொதுச் சட்டத்தில் வழியே கிடையாது. தாதாஜி வேறு கல்யாணம் செய்துகொண்டார். ருக்மாபாய் செய்துகொள்ளவே இல்லை.

1889-ல் லண்டனுக்குக் கிளம்பினார். பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் படித்து டாக்டராகத் திரும்பினார். சூரத்திலும் பிறகு ராஜ்கோட்டிலும் பெண்கள் மருத்துவமனைகளில் சுமார் 35 வருஷம் வேலை பார்த்தார். 1904-ல் தாதாஜி இறந்தபோது விதவைக்குரிய வெள்ளைப் புடவைக்கு மாறினார். வாழாத வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான் அந்தப் புடவை.

இன்று உங்களுக்கு என்ன வழி?

நம்ம மெட்ராஸ் மாகாணம் 1949-லேயே இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்க வந்த இந்து திருமணச் சட்டம் 1955 மே 18 அன்று அமலானது. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கும் இப்போது வழி இருக்கு. ருக்மாபாயை மிரட்டிய அந்தச் 'சேர்ந்து வாழ' வழக்கும் பிரிவு 9 ஆக அதில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இன்று அதற்காக ஜெயில் கிடையாது. உத்தரவுக்குப் பிறகும் ஒரு வருஷம் சேரவில்லை என்றால், அதையே காரணமாகக் காட்டி இருவரில் யாரும் விவாகரத்து கேட்கலாம்.

கொல்லிமலைக்காரர்கள் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். நீங்கள் பட்டியல் பழங்குடியான மலையாளி சமூகம் என்றால், அந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும் என்று அதன் பிரிவு 2-லேயே எழுதியிருக்கிறது. உங்களுக்கு வழக்காறுதான் சட்டம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பிரிந்திருந்தாலும், நாளைக்கு மறுமணம், சொத்து என்று பிரச்னை வந்தால், அப்படி ஒரு வழக்காறு இருக்கு, அதன்படிதான் பிரிந்தோம் என்று கோர்ட்டில் நிரூபிக்கணும். அதனால் தேதி, சாட்சி, கையெழுத்தோடு எழுதி வாங்கி வைங்க.

இதனால்தான் பக்கத்து ஊர் வக்கீல் முக்கியம். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் மனு இந்த வித்தியாசத்தைப் பார்க்காது. நாமக்கல் கோர்ட்டில் பழங்குடி மக்களின் வழக்குகளை நடத்திய ஒருவரிடம் முதல் நாளே மூணு கேள்வி கேளுங்க: எனக்கு எந்தச் சட்டம்? வழக்காறை நிரூபிக்க என்ன ஆதாரம் வேணும்? வழக்கு முடியும் வரை ஜீவனாம்சத்துக்கும் குழந்தைக்கும் என்ன வழி?

குழந்தை யாரிடம் இருக்கும் என்பதில் 1890-ம் வருஷத்துக் காப்பாளர் சட்டப்படி கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். அப்பாவா அம்மாவா, யாருக்குப் பணம் அதிகம் என்பது மட்டும் முடிவு செய்யாது. யாரிடம் இருந்தாலும், மற்றவர் வந்து பார்க்க நேரம் கேட்கலாம். ஜீவனாம்சமும், 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டப் பாதுகாப்பும் சாதி, மதம், பழங்குடி பார்க்காமல் எல்லோருக்கும் உண்டு.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி பெண்களுக்கும், பழங்குடியினர் என்றால் ஆண்களுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நாமக்கல்லில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்க. மலையிலிருந்தே பேச 15100. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181.

ருக்மாபாய் 1955 செப்டம்பர் 25 அன்று, 90 வயதில் இறந்தார். மனைவிக்கு விவாகரத்து உரிமை தரும் சட்டம் நாடு முழுக்க அமலாகி அப்போது நாலு மாசம்தான் ஆகியிருந்தது. அவருக்கு அது உதவவில்லை. அவர் காலத்தில் இல்லாத வழிகள் உங்களுக்கு இருக்கு. அதனால நோட்டீஸ் வந்தால் மடிச்சு வைக்காதீங்க. அவரைப் போல, முதலில் வக்கீல் வைத்துப் பதில் சொல்லுங்க.