குடிசைக்கும் படம் கொடுத்த ராஜா

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் இருக்கிறது இண்டூர். இண்டூரானாலும் சரி, வேறு எந்த ஊரானாலும் சரி, பழைய வீடுகளில் சுவரைப் பாருங்கள். தாமரை மேல் லட்சுமி நிற்பாள். பக்கத்தில் சரஸ்வதி வீணை வாசிப்பாள். கண்ணாடி போட்டு, மரச்சட்டம் அடித்து, பொட்டும் வைத்திருப்பார்கள்.

இப்படிப் படங்கள் வீடு தேடி வர வழி செய்தவர் யார் தெரியுமா? ராஜா ரவிவர்மா. பெயரில்தான் ராஜா. அவர் ஆண்ட நாடு எதுவும் இல்லை!

1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, திருவாங்கூர் சமஸ்தானத்துக் கிளிமானூரில் ரவிவர்மா பிறந்தார். மாமா ராஜராஜ வர்மா ஓவியர். அவரே முதல் குரு. 14 வயதில் பையனைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார்.

எண்ணெய் வர்ணம் தீட்டுவது அப்போது பெரிய ரகசியம். தெரிந்தவர்கள் சொல்லித்தர மாட்டார்கள். 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் கற்றுத்தரவில்லை. வேலை செய்யும்போது பார்க்க மட்டும் விட்டார். ரவிவர்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம். அதே ஆண்டு வியன்னாவில் பரிசு. 1893-ல் சிக்காகோவில் பதக்கங்கள். மன்னர்கள் போட்டி போட்டு அழைத்தார்கள். பரோடா மகாராஜாவுக்கு மட்டும் 14 புராணப் படங்கள் எழுதினார்.

ஆனால் அரண்மனைச் சுவரில் தொங்கும் படத்தை ஏழை எப்படிப் பார்ப்பான்?

படங்களை அச்சடித்து எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்று யோசனை சொன்னவர் கும்பகோணத்தில் பிறந்த திவான், சர் டி. மாதவராவ். 1894-ல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சுக்கூடம் எழுந்தது. ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது. ஆட்களும் வந்தார்கள்.

கல்லில் படம் வரைந்து அச்சடிக்கும் முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். பத்து நிறம் என்றால் பத்துக் கல்! ஒரே தாள் பத்துத் தடவை இயந்திரத்துக்குள் போய் வரவேண்டும். மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும். கடைசியில் மேலே வார்னிஷ் பூசுவார்கள். எண்ணெய் ஓவியம் போலவே பளபளக்கும்.

கோயில் வாசலிலேயே பலர் தடுத்து நிறுத்தப்பட்ட காலம் அது. திருவாங்கூர் சமஸ்தானக் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-ல்தான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, சாமி அச்சுப் படமாக வீட்டுக்குள் வந்துவிட்டது. எந்தச் சாதிக்காரரும் காசு கொடுத்து வாங்கலாம். தடுப்பார் இல்லை.

படம் பரவியது. கடனும் வளர்ந்தது. பம்பாயில் பிளேக் நோய் வேறு. 1899-ல் அச்சுக்கூடத்தை லோனாவ்லா அருகே மளவலிக்கு மாற்றினார். அப்போதும் விடியவில்லை. 1901-ல் அங்கே வேலை பார்த்த ஷ்லைச்சர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார்.

1905-ல் இன்னொரு அடி. கூடவே இருந்து படம் எழுதிய தம்பி ராஜராஜ வர்மா இறந்தார். அண்ணன் தேறவில்லை. 1906 அக்டோபர் 2-ந் தேதி காலமானார். வயது 58.

ரவிவர்மா அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் தாதாசாகிப் பால்கே. 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்ற ஊமைப்படம் எடுத்தவர் அவர்தான். பின்னால் வந்த புராணப் படங்களின் போஸ்டர்களிலும் ரவிவர்மாவின் சாயல் இருந்தது. அந்தப் பழைய போஸ்டர்களைப் பிரதி எடுத்து, சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுகிறவர்கள் இன்று இருக்கிறார்கள்.

மளவலி அச்சுக்கூடம் 1972-ல் தீப்பிடித்து எரிந்துபோனது.