மூளையின் ரத்தக்குழாயை முதன்முதலில் படம்பிடித்தவர்: யார் இந்த எகாஸ் மோனிஸ்?

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தாமிரபரணியில் ஒரு குடம் சாயத்தைக் கொட்டுறீங்கன்னு வெச்சுக்கோங்க. ஆழ்வார்திருநகரி படித்துறையில் நிற்கும் நண்பர் அதை ஒரே ஒரு போட்டோ எடுக்கணும். அவசரப்பட்டால் வெறும் தண்ணிதான் விழும். அசந்தால் சாயம் ஏரல் பக்கம் போயிருக்கும். ஆஞ்சியோகிராமிலும் இதே சிக்கல்தான், ஆனால் அங்கே எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும்.

இதோடு மல்லுக்கட்டியவர் எகாஸ் மோனிஸ். 1874-ல் போர்ச்சுகலின் அவன்கா கிராமத்தில் பிறந்தவர். லிஸ்பனில் நரம்பியல் பேராசிரியர். நடுவில் அரசியலுக்கும் போய், 1918-ல் வெளியுறவு அமைச்சராகவே இருந்திருக்கிறார்!

50 வயதைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. எக்ஸ்ரேயில் மண்டை ஓடு தெரியும், மூளை தெரியாது. ரத்தக்குழாய்க்குள் எக்ஸ்ரேயைத் தடுக்கும் திரவத்தைச் செலுத்தினால், குழாய் விலகியிருக்கும் இடத்தை வைத்துக் கட்டியைக் கண்டுபிடித்துவிடலாமே?

முதலில் ஸ்ட்ரான்சியம் புரோமைடு. ஒரு நோயாளி இறந்தே போனார். இன்றைக்கு இப்படியொரு சோதனைக்கு அனுமதியே கிடைக்காது. பிறகு சோடியம் அயோடைடுக்கு மாறினார். மூட்டுவாதத்தால் மோனிஸின் கைகள் ஒத்துழைக்காததால், கழுத்துக் குழாயைத் திறந்து ஊசி போடுவதில் துணை நின்றவர் இளம் டாக்டர் அல்மேடா லிமா. 1927 ஜூன் 28-ல், பிட்யூட்டரி கட்டியோடு வந்த 20 வயது இளைஞரின் படத்தில் மூளைக் குழாய்கள் தெளிவாகத் தெரிந்தன.

ஆனாலும் ஒரு படத்தில் ஒரு கணம்தான் சிக்கும். தமனி தெரிந்தால் சிரை தெரியாது. 1930-களில் சக மருத்துவர் பெரைரா கால்டாஸ், ஃபிலிம்களை அடுத்தடுத்து மாற்றும் 'ரேடியோ கரௌசல்' கருவியை உருவாக்கினார். ஒரே ஊசியில் சாயத்தின் முழுப் பயணமும் கிடைத்தது.

இன்றைய கேத் லேபில் இந்த வேகத்தை 'ஃபிரேம் ரேட்' என்கிறார்கள். துடிக்கும் இதயத்துக்கு விநாடிக்கு 15 ஃபிரேம் வரைகூட வைப்பார்கள். மூளைக்கு இரண்டு, மூன்று போதும். கால் குழாயில் ரத்தம் மெதுவாகப் போவதால் அதைவிடக் குறைவு. எல்லாவற்றுக்கும் அதிகமாகவே வைத்தால் என்ன? ஒவ்வொரு ஃபிரேமும் கூடுதல் கதிர்வீச்சு. அதனால் சாயம் தமனியில் பாயும்போது வேகத்தைக் கூட்டி, சிரைக்கு வந்ததும் குறைப்பதும் உண்டு.

மோனிஸுக்கு 1949-ல் நோபல் கிடைத்தது. ஆனால் இதற்காக இல்லை! மனநோய்க்காக மூளை நரம்பிழைகளைத் துண்டிக்கும் லூக்கோட்டமி அறுவை சிகிச்சைக்காக. பலரை முடக்கிப்போட்ட அந்தச் சிகிச்சை, 1950-களில் மாத்திரைகள் வந்ததும் வழக்கொழியத் தொடங்கியது. 1955 டிசம்பர் 13-ல் மோனிஸ் லிஸ்பனில் காலமானார். அந்த நோபலைத் திரும்பப் பெறச் சொல்லி, நோயாளிகளின் குடும்பத்தினர் பிற்பாடு குரல் எழுப்பினார்கள்.