வெப்பத்தை அளந்த ஜூல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

இயற்பியல் மாணவர்களாகிய நாம் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர் ஜூல். ஆற்றலின் அலகாக அதை எழுதுகிறோம்; கணக்கு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அப்பெயருக்கு உரியவர் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றவர் அல்லர் என்பதை நம்மில் பலர் அறியோம்.

ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் 1818 டிசம்பர் 24 அன்று, இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த சால்ஃபோர்டில் பிறந்தார். தந்தையார் பீர் ஆலை முதலாளி. சிறுவயதில் உடல்நலம் குன்றியிருந்ததால் வீட்டிலேயே ஆசிரியர் வைத்துக் கற்பித்தனர். 1834-இல் ஜூலும் அவருடைய தமையனாரும் அணுக்கொள்கை கண்ட ஜான் டால்டனிடம் பாடம் கேட்டனர். அளந்து பார்க்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது எனலாம்.

ஆலையின் நீராவி இயந்திரத்துக்குப் பதிலாக மின் மோட்டாரைப் பயன்படுத்தலாமா என்று இளைஞர் ஜூல் ஆராய்ந்தார். மின்கலத்தில் கரையும் துத்தநாகத்துக்கு ஆகும் செலவு, நிலக்கரிச் செலவைவிட மிக அதிகம் என்று கண்டார். மோட்டார் ஆசை கைகூடவில்லை. ஆனால் கம்பியில் பாயும் மின்சாரம் எவ்வளவு வெப்பம் தருகிறது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது.

கம்பிச் சுருளை நீரில் மூழ்கவைத்து, மின்சாரம் செலுத்தி, வெப்பமானியைக் கவனித்தார். வெப்பம் மின்தடையைப் பொறுத்தும் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தும் அமைகிறது என்பது 1840-இல் அவர் கண்ட விதி. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். இலண்டன் ராயல் சங்கம் அக்கட்டுரையின் சுருக்கத்தை மட்டுமே வெளியிட்டது. 1843-இல் கார்க் நகர அறிவியல் மாநாட்டில், வெப்பமும் வேலையும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை என்று அவர் அறிவித்தபோதும் அவை மௌனம் சாதித்தது. 1847-இல் ஆக்ஸ்ஃபோர்டில்தான் வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் அவர் சொன்னதன் அருமையை உணர்ந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் அவரே.

ஜூலின் விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை. தொழிற்சாலைகளில் இரும்பைப் பதப்படுத்தும் மின் உலைக்குள் செக்கச் சிவந்து கிடக்கும் சுருள்கள் அவ்விதிப்படியே சூடேறுகின்றன. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906-இல் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவை இதற்குப் பெரிதும் உதவியது. சூட்டில் அதன்மேல் படியும் குரோமிய ஆக்சைடு ஏடு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது.

ஆனால் சுருளை அழிப்பதும் அதே விதிதான். நாளாக ஆக ஏடு தடித்து, உள்ளிருக்கும் உலோகம் மெலிகிறது. ஓரிடம் மட்டும் மெலிந்தால் அங்கே தடை கூடும். சுருள் முழுவதும் பாயும் மின்னோட்டம் ஒன்றே. ஆகவே மெலிந்த இடத்தில் வெப்பம் மிகும். மிகுந்த வெப்பம் மேலும் மெலியச் செய்யும். முடிவில் கம்பி அறும். முனையிலுள்ள நட்டு தளர்ந்தாலும் இதே கதைதான். எனவே நட்டுகளை இறுக்குவதும், சுருள்மேல் விழுந்த இரும்புச் செதிளைக் கூட்டி எடுப்பதும், மூன்று பேஸ்களின் ஆம்பியரை ஒப்பிட்டு எழுதிவைப்பதும் உலையைப் பராமரிப்பவரின் கடமைகள்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தந்தையார் ஒரு பட்டறையில் மின் உலையைக் கவனிப்பவர். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஓர் இரவு காயில் அறுந்து, உலையிலிருந்த சரக்கு வீணாயிற்று. அப்பாவின் கவனக்குறைவு என்று கூறி, நட்டத்தைக் கூலியில் பிடிக்கப் பார்த்தார்கள். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. வாரந்தோறும் டாங் டெஸ்டரால் அளந்த ஆம்பியர் அதில் எழுதப்பட்டிருந்தது. ஒரு பேஸில் மட்டும் ஆம்பியர் வாரத்துக்கு வாரம் இறங்கி வந்ததும், காயில் மாற்றவேண்டும் என்று அவர் முன்பே சொன்ன தேதியும் அதில் இருந்தன. மின்னழுத்தம் மாறாதபோது ஆம்பியர் இறங்கினால் தடை ஏறியிருக்கிறது என்று பொருள். அதை மேலாளருக்கு நான் கணக்காகப் போட்டுக் காட்டினேன். கூலி பிடிக்கப்படவில்லை. விதியின் பெயரை அப்பா அறியார். அளந்து எழுதத் தவறியதில்லை.

ஜூலும் அப்படியே அளந்தார். ஃபாரன்ஹீட் டிகிரியில் இருநூறில் ஒரு பங்கைக்கூடப் படித்தறிந்தார். ஒரு பவுண்டு நீரை ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் சூடேற்ற, 772 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும் வேலை தேவை என்று 1850-இல் வெளியிட்டார். அவ்வாண்டே ராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. 1870-இல் கோப்ளி பதக்கம் அளித்தது. இடையில் 1854-இல் மனைவி அமீலியாவை இழந்தார். பின்னர் செல்வமும் சுருங்கியது. 1878-இல் அரசு ஆண்டுக்கு 200 பவுண்டு உதவித்தொகை வழங்கியது. அந்த ஆண்டிலும் தம் பழைய அளவீட்டை மீண்டும் சரிபார்த்து 772.55 என்று திருத்தி வெளியிட்டார். 1889 அக்டோபர் 11 அன்று மறைந்தார். அவருடைய கல்லறையில் அந்த எண்ணே பொறிக்கப்பட்டிருக்கிறது.

நண்பர்களே! செய்முறை வகுப்பில் பக்கத்து மேசையின் ரீடிங்கைப் பார்த்து எழுதினாலும் மதிப்பெண் கிடைக்கக்கூடும். ஆனால் ஒருவருடைய கூலியையும் மானத்தையும் காக்கும் வலிமை, தானே அளந்து எழுதிய எண்ணுக்கே உண்டு. அடுத்த முறை ஜூல் என்று எழுதும்போது இதை நினைவில் கொள்வோம்.