பரீட்சைக்கே பரீட்சை வைத்த ஜார்ஜ் ராஷ்

கணித மேதைன்னா எல்லாரும் ராமானுஜத்தைத்தான் எழுதுவாங்க. நான் ஜார்ஜ் ராஷ் பற்றி எழுதுகிறேன். ஏன்னா, இவர் கணக்குப் போட்டதே பரீட்சையைப் பற்றித்தான்!

இவர் 21.9.1901 அன்று டென்மார்க் நாட்டில் ஓடென்சே என்ற ஊரில் பிறந்தார். சிறுவர் கதைகள் எழுதிய ஆண்டர்சன் பிறந்ததும் அதே ஊர்தான். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து 1930-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டம் வாங்கியும் கணித வேலை கிடைக்கவில்லை. மருத்துவர்களுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போட்டுக் கொடுத்துப் பிழைத்தார். 1935-ல் லண்டன் போய் ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞரிடம் படித்தார்.

1950-களின் தொடக்கத்தில் இவரிடம் ஒரு வேலை வந்தது. வாசிக்கத் திணறியதால் தனியாகச் சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்னேறினார்களா என்று பார்க்க வேண்டும். பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தப்புகளை எண்ணி வைத்திருந்தார்கள். ஆனா எல்லாருக்கும், எல்லா வயசிலும் ஒரே பாடம் இல்லை. முன்பு 5 தப்பு, இப்போ வேறு பாடத்தில் 10 தப்பு என்றால் பிள்ளை மோசமா, பாடம் கஷ்டமா? எப்படிச் சொல்றது?

ஒரே இரண்டு பாடங்களைப் பல பிள்ளைகள் வாசித்தால் என்ன ஆகுது என்று ராஷ் பார்த்தார். உதாரணத்துக்கு, ஒருத்திக்கு முதல் பாடத்தில் 5 தப்பு, இரண்டாவதில் 10. இன்னொருத்திக்கு 8, 16. யார் வாசித்தாலும் இரண்டாவது பாடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கஷ்டம். இப்படிப் பாடத்தின் கஷ்டத்தையும் பிள்ளையின் திறமையையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்! அப்புறம் யார் எந்தப் பாடத்தை வாசித்தாலும் ஒப்பிடலாம் அல்லவா?

சரி, தப்பு என்று மட்டும் திருத்தும் கேள்விகளுக்கும் ஒரு முறை கண்டுபிடித்து, 1960-ல் புத்தகமாக வெளியிட்டார். அதன்படி, நல்லா படிக்கிறவங்க தப்பாகவும், திணறுறவங்க சரியாகவும் எழுதும் கேள்வி இருந்தால், முதலில் அந்தக் கேள்வியைத்தான் சந்தேகப்படணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். எப்பவும் நம்மளைத்தானே திட்டுறாங்க!

1962 முதல் 1972 வரை கோபன்ஹேகனில் பேராசிரியராக இருந்தார். ஆண்ட்ரிச் என்பவர் 1978-ல் இந்த முறையை 'சுமார், நன்று, மிக நன்று' போன்ற தர அளவுகளுக்கும் விரித்தார். சுமாருக்கும் நன்றுக்கும் உள்ள தூரமும், நன்றுக்கும் மிக நன்றுக்கும் உள்ள தூரமும் சமமாக இருக்கும்னு நாம நினைச்சுக்கிறோம். அப்படி இருக்கணும்னு அவசியமில்லை. அந்தத் தூரத்தையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்கணும்.

ராஷ் 19.10.1980 அன்று காலமானார். பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் 'பிசா' தேர்வு 2000-ல் தொடங்கியது. 2009 சுற்றின் தொடர்ச்சியாக நம்ம தமிழ்நாட்டு மாணவர்களும் அதை எழுதினார்கள். அந்த மதிப்பெண்களைக் கணக்கிட்டது ராஷ் முறையில்தான்.