பெல் ஐயர் சரித்திரம்

ஆசிரியர் ஒருவர் முன்னே நூறு சிறுவர் அமர்ந்திருப்பின், அவர் ஒருவனை வினவுங்கால் ஏனைத் தொண்ணூற்றொன்பதின்மரும் என்செய்வர்? சிலர் செவிசாய்ப்பர், பலர் கூரையை நோக்கியிருப்பர், கடைசி வரிசையிலிருப்போர் உறங்குவர். பள்ளிக்கூடம் தோன்றிய காலந்தொட்டு உள்ள இக்குறைக்கு நம் சென்னைமாநகரிலே ஒரு பரிகாரங் கண்டு, அதனை மேனாடுகளிலும் பரவச் செய்தவர் ஆண்ட்ரு பெல் ஐயராவர். அவரது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறப் புகுகின்றோம்.

இவர் ஸ்காத்லாந்து தேசத்துச் செயிண்டு ஆண்ட்ரூஸ் நகரில், 1753-ஆம் ஆண்டு, நாவிதத் தொழில் புரிந்த ஒருவருக்கு மகனாய்ப் பிறந்தார். அந்நகரத்துச் சர்வகலாசாலையிலேயே கணிதமும் இயற்கை நூலும் கற்றுத் தேர்ந்தார். 1774-இல் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்று, செல்வர் இல்லத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். 1781-இல் தாய்நாடு திரும்புங்கால் கப்பல் சேதமுற்றும் உயிர் தப்பினார். பின்னர்க் குருப்பட்டம் பெற்று, 1787-இல் சென்னை வந்து, சேனைகளுக்குக் குருவாய் ஊழியஞ் செய்யலாயினார்.

அக்காலத்தில் ஐரோப்பியப் போர்வீரர்க்கு இந்நாட்டு மகளிரிடம் பிறந்த சிறார் பலர், தந்தையை இழந்து ஆதரவின்றித் திரிந்தனர். அவர்களுக்காக எழும்பூரில் ஓர் அநாதசாலை 1789-இல் நிறுவப்பெற்றது. பெல் ஐயர் அதன் தலைமையை ஏற்று, அவ்வேலைக்குரிய சம்பளத்தை வேண்டாவென மறுத்துவிட்டார். ஆயினும் அங்கே அவருக்குத் துணையாய் அமைந்த உபாத்தியாயர்களோ ஊக்கங் குன்றியவர்கள். அவர்களுட் பயிற்சி பெற்றுத் தேறியவரும் மிகுந்த ஊதியம் நாடி வேறிடம் சென்றுவிடுவர். சிறார் ஆண்டுதோறும் பெருகினர், கல்வியோ பெருகவில்லை.

ஒருநாட் காலை அவர் குதிரையூர்ந்து செல்லுங்கால், நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர் தரையிலமர்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுத்துக்களை எழுதக் கண்டார். நம் திண்ணைப் பள்ளிகளில் இஃது அன்றாட வழக்கம். மூத்த மாணாக்கன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோரைப் பயிற்றுதலும் நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால் ஐயருக்கோ, தாம் நெடுநாள் தேடிய வழி தென்பட்டது போலாயிற்று. உடனே தம் பள்ளிக்கு மீண்டு, கடைநிலை வகுப்பினர்க்கு மணலில் எழுதக் கற்பிக்குமாறு உபாத்தியாயருக்குக் கட்டளையிட்டார். அவர்கள் இயலாதென்றனர். அப்பொழுது ஐயர் எட்டு வயதினனாகிய ஜான் பிரிஸ்கன் என்னும் போர்வீரன் மகனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். வளர்ந்தோர் கைவிட்ட வேலையைச் சிறுவன் செவ்வனே செய்து முடித்தான்.

அதுமுதல் அப்பள்ளி முழுவதும் புதிய முறையில் அமைந்தது. தேர்ந்தவன் ஒருவனும் தேராதவன் ஒருவனுமாக மாணாக்கர் இணைக்கப்பெற்றனர். ஒவ்வொரு வகுப்பிற்கும் மாணாக்கருள் ஒருவனே ஆசிரியனாயினான். பாடங்கள் சிறியனவாய்ப் பகுக்கப்பெற்றன; ஒன்றை முற்றக் கற்றபின்னரே அடுத்தது தொடங்கும். விடையிற் பிழைத்தவன் இடத்தைச் சரியாய் விடுத்தவன் பெறுவான். குற்றஞ் செய்தோரை விசாரித்துத் தீர்ப்புக் கூறுவதற்கும் மாணாக்கரே நியமிக்கப்பெற்றனர். இங்ஙனம் ஏறக்குறைய 200 சிறுவருள் ஒருவனும் வாளாவிருக்க இடமில்லாதாயிற்று. பிறனுக்குக் கற்பிப்பவன் தானும் ஐயமறக் கற்கின்றான் என்பதே இம்முறையின் உயிர்நிலை.

உடல் நலிவினால் 1796-இல் இந்நாட்டை விட்டகன்ற ஐயர், மறுவருடம் இலண்டனில் தம் சோதனையைச் சிறு நூலாய் வெளியிட்டார். அதனைச் சென்னை முறை என்றே மேனாட்டார் வழங்கினர். ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதனையொத்த முறையொன்றை நடத்தினார். இருவரையும் பின்பற்றினோரிடையே, முதலிற் கண்டவர் யாவர் என்னும் வழக்கு நெடுங்காலம் நிகழ்ந்தது. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையார் ஏழைகளின் கல்விக்காக ஒரு தேசியச் சங்கம் நிறுவி, பெல் முறையிலே ஆயிரக்கணக்கான பள்ளிகளை நடத்தினர்.

இவரிடத்துக் குறையில்லை என்று கூறோம். ஏழைச் சிறார்க்கு வாசிப்பும் வேதபாடமும் போதும், அதற்கு மேற்பட்ட கல்வி அவர்களைத் தத்தம் நிலையில் அமைதியிழக்கச் செய்யும் என்று இவர் ஒருகால் அஞ்சினார். எட்டு வயதுப் பாலகனின் ஆற்றலை நேரிற் கண்டவரே அங்ஙனம் அஞ்சியது வியப்பாகும். மேலும், பொருள் உணராச் சிறுவன் கற்பிக்குங்கால் கல்வி கிளிப்பாடமாய் முடிந்தமையும் உண்டு. அதனாலேயே 1846 முதல் இங்கிலாந்தில் பயிற்சிபெறும் இளம் ஆசிரியரை நியமிக்கும் ஏற்பாடு தோன்ற, பழைய முறை படிப்படியே மறைந்தது.

ஐயர் 1832-இல் காலமாகி வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார். ஏறத்தாழ 1,20,000 பவுனைக் கல்விக்கென்றே விட்டுச் சென்றார். அவர் பிறந்த ஊரில் அப்பொருளால் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்னும் பெயருடன் விளங்குகின்றது. 1876-இல் எடின்பரோ, செயிண்டு ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலைகளில் கல்விநூற் பேராசிரியர் பதவிகள் ஏற்பட்டதும் அப்பொருளினாலேயே. ஆனால் மணலில் எழுதுவித்த அந்நாட்டுப் பள்ளி ஆசிரியரின் பெயரை உலகம் அறிந்திலது.

நம்மிற் பலர் நாளை ஆசிரியராவோம். சட்டாம்பிள்ளை முறையை அவ்வாறே மீட்டும் நிறுவுதல் வேண்டுமென்று நாம் கூறவில்லை. நன்கு பேசும் ஆசிரியரைக் காட்டிலும், தம் வகுப்பில் ஒவ்வொரு மாணாக்கனையும் பேசவும், எழுதவும், அயலானுக்கு விளக்கவும் செய்யும் ஆசிரியரே சிறந்தவர் என்பதைப் பெல் ஐயர் சரித்திரத்தினின்றும் கற்போமாயின், எழும்பூரில் அவர் பட்ட பாடு நமக்கும் பயன்படும்.